பெண்கள் கட்டிக் காக்கும் மினிக்காய்த் தீவு

கரையான்சாவடிக்காரர்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் தெரியும். அந்த ஏரியை விடப் பரப்பில் சிறியது ஒரு தீவு. அதில் 10 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அவர்களுக்குத் தனி மொழி, தனி எழுத்து, தனிப் பழக்கவழக்கம்!

அந்தத் தீவின் பெயர் மினிக்காய். தீவு மக்கள் 'மலிக்கு' என்கிறார்கள். இலட்சத் தீவுகளில் தெற்குக் கோடியில் இருப்பது இதுதான்.

இலட்சத் தீவு என்றால் இலட்சம் தீவுகள் அல்ல. அரசாங்கக் கணக்கில் 36 தீவுகள்தான். ஜனங்கள் குடியிருப்பவை 10. 1956 நவம்பர் 1-ந் தேதி தனி யூனியன் பிரதேசம் ஆகும் வரை, இவை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தன.

எப்படிப் போவது?

முதலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளியூரார் அனுமதி இல்லாமல் தீவுக்குள் போக முடியாது. 1967-ல் இருந்து இந்த விதி இருக்கிறது.

சென்னை சென்ட்ரலில் மாலையில் ரயில் ஏறினால், மறுநாள் காலை எர்ணாகுளம். பக்கத்தில் கொச்சித் துறைமுகம். அங்கிருந்து கடலில் சுமார் 400 கிலோமீட்டர். கப்பல் போய்ச் சேர 14 மணி முதல் 20 மணி நேரம் ஆகும்.

தூரத்திலேயே வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம் தெரியும். 1885-ல் கட்டியது அது.

மாப்பிள்ளை வருகிறார்!

மற்றத் தீவுகளில் பேசுவது மலையாளத்தின் ஒரு வகை. மினிக்காயில் மட்டும் மஹல் மொழி. மாலத்தீவு மொழியின் உறவு அது. அதன் எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள்.

தீவு மக்கள் முஸ்லிம்கள். ஆனால் குடும்பச் சொத்து தாய் வழியில் வருகிறது. கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வருகிறார்!

ஆண்களில் பலர் கப்பல் மாலுமிகள். மாதக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார்கள். அப்போது வீட்டையும் ஊரையும் கவனிப்பது பெண்கள்தான். தீவில் 11 ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் 'போடுகாக்கா' என்ற தலைவர் உண்டு. பெண்களுக்கும் தலைவி உண்டு.

சூரை மீனை உப்பு நீரில் வேக வைத்து, புகை போட்டு, வெயிலில் காய வைக்கிறார்கள். கட்டை போல் கெட்டியாகிவிடும். நம் ஊரில் மாசி என்று விற்கிறார்களே, அதேதான்!

தண்ணீர்தான் கவலை

தீவில் ஆறு இல்லை. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு போல் மிதக்கிறது. கிணற்றில் அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். அளவு மீறினால் உப்பு மேலே ஏறிவிடும்.

இதற்கு ஒரு வழி சென்னையிலிருந்து போயிற்று. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார், 2005-ல் கவரத்தித் தீவிலும் 2011-ல் மினிக்காயிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தார்கள்.

காற்றழுத்தம் குறைந்த தொட்டியில் கடலின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீர் ஆவியாகிறது. ஆழ்கடலிலிருந்து இழுத்த குளிர்ந்த நீர் அந்த ஆவியை மீண்டும் தண்ணீர் ஆக்குகிறது. அதில் உப்பு இல்லை! ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று கட்டிய நிலையம் அது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஆயிரம் பேருக்குப் பங்கிட்டால், ஆளுக்கு 10 லிட்டர். ஒரு குடம் கூட நிறையாது!

ஆகவே மினிக்காய்க்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. குழாயைத் திறந்து விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. பவளப் பாறையில் ஒரு துண்டு கூட எடுக்கக் கூடாது, அது குற்றம். வீட்டுக்காரி சொல்படி நடப்பதுதான் விருந்தாளிக்கு அழகு. மினிக்காயில் வீட்டுக்காரியின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்!