ஆபரேஷனுக்குப் பிறகு நாய் மாறுமா?

நாய் நன்றியுள்ள பிராணி. வீட்டுக்கும் தெருவுக்கும் காவலாக இருக்கிறது. ஆனால் ஒரு பெண் நாய் ஒரே ஈற்றில் ஐந்து, ஆறு குட்டிகள் கூடப் போடும். அத்தனை குட்டிகளையும் யார் வளர்ப்பது? அதனால்தான் நாய்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

"ஆபரேஷன் செய்தால் நாய் குரைக்காது, காவல் காக்காது" என்று சிலர் அஞ்சுகிறார்கள். "ஆபரேஷன் செய்துவிட்டால் நாய் கடிக்கவே கடிக்காது" என்று வேறு சிலர் நம்புகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

என்ன செய்கிறார்கள்?

முதலில் நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். ஆண் நாய்க்கு விரைகளை எடுத்துவிடுவார்கள். பெண் நாய்க்குச் சினைப்பைகளையும் கருப்பையையும் எடுப்பார்கள். விரையிலும் சினைப்பையிலும் ஹார்மோன் சுரக்கிறது. இணை தேடும் ஆசையைத் தூண்டுவது இந்த ஹார்மோன்தான். காளைக்குக் காயடித்தால் முரட்டுத்தனம் தணியும் என்பது உழவர்களுக்குத் தெரியும். நாய்க்கும் காரணம் அதுவே.

எது மாறும்?

ஆண் நாய் பெண் நாயைத் தேடி ஊர் சுற்றுவது குறையும். பெண் நாய்க்காக மற்ற ஆண் நாய்களோடு சண்டை போடுவது குறையும். கண்ட இடத்தில் காலைத் தூக்கிச் சிறுநீர் கழிப்பதும் பல நாய்களிடம் குறையும். பெண் நாய் பருவத்துக்கு வராது. அதன் பின்னால் ஆண் நாய்கள் கூட்டமாக அலையாது.

எது மாறாது?

அந்நியரைக் கண்டால் நாய் குரைக்கும். வளர்த்தவரிடம் அன்பாக இருக்கும். வண்டியைத் துரத்திப் பழகிய நாய் தொடர்ந்து துரத்தலாம். பயத்தால் கடிக்கும் நாயின் பயமும் ஆபரேஷனால் போய்விடாது. அதை அடிக்காமல், பொறுமையாகப் பழக்க வேண்டும்.

எப்போது மாறும்?

முதல் ஓரிரு நாள் நாய் சோர்ந்து படுத்திருக்கும். தையல் ஆறப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை குளிப்பாட்டக் கூடாது. புண்ணை நக்க விடக் கூடாது. இரத்தம், சீழ், வீக்கம் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பழக்கங்கள் மாறச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம். ஆண் நாயின் உடலில் மீதி விந்து சில வாரம் இருக்கும். அந்த நாட்களில் அதைப் பெண் நாய்களிடம் விடக் கூடாது.

நாய்க்குப் பசி கூடும். ஆனால் உடலுக்குத் தேவையான உணவின் அளவு குறையும். கேட்கும்போதெல்லாம் சோறு போட்டால் கொழுத்துவிடும். சோம்பலுக்கு அந்தக் கொழுப்புதான் காரணம். அளவாக உணவு கொடுங்கள். தினமும் நடக்க விடுங்கள்.

ஜெய்ப்பூர் காட்டிய வழி

இராஜஸ்தானில் உள்ள ஜெய்ப்பூரில் 1994-இல் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடத் தொடங்கினார்கள். பின்னர் அங்கு நாய்களின் எண்ணிக்கை குறைந்தது. நாய்க்கடியும் குறைந்தது. இதற்கு ஒரு காரணம் உண்டு. குட்டி போட்ட தாய் நாய், குட்டிகளைக் காக்கவே பலரைக் கடிக்கிறது. குட்டி இல்லை என்றால் அந்தக் கடியும் இல்லை. 2001-இல் நாடு முழுவதற்கும் இதற்கான விதிகள் வந்தன. 2023-இல் புதிய விதிகள் வந்தன.

எச்சரிக்கை!

நாயின் குணம் திடீரென மாறினால், "ஆபரேஷனால்தான்" என்று சும்மா இருக்காதீர்கள். காரணமின்றிக் கடிப்பது, எச்சில் ஒழுகுவது, குரல் மாறுவது, தள்ளாடுவது ஆகியவை வெறிநோயின் அடையாளங்கள். அந்த நாயை நெருங்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கருத்தடை வெறிநோயைத் தடுக்காது. தடுப்பூசிதான் தடுக்கும். அதை மருத்துவர் சொல்லும் காலத்தில் மறுபடியும் போட வேண்டும்.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வந்த பிறகு உயிரைக் காப்பது ஏறக்குறைய முடியாது. வராமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

சிந்தியுங்கள்

1. ஆபரேஷனுக்குப் பின் நாயிடம் மாறாதவை எவை?
2. நாய் ஏன் கொழுக்கிறது?
3. உங்கள் தெருவில் எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள்?