தகவல் துளி: முரசின் மேல் ஆடிய ராஜகுமாரி

1948இல் ஜெமினி வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை மறக்க முடியுமா? ஆட்டம் முடிந்ததும் ராட்சத முரசுகளைப் பிளந்துகொண்டு வீரர்கள் வாளோடு பாய்வார்கள். அந்தச் சந்திரலேகா, தஞ்சாவூர்க்காரரான டி.ஆர்.ராஜகுமாரி. ‘கச்ச தேவயானி’யில் புகழ்பெற்றவர். தியாகராஜ பாகவதரை மயக்கும் ரம்பாவாக அவர் வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது!

கெட்டிக்காரரும்கூட. பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே திரையரங்கு கட்டினார். தம்பி டி.ஆர்.ராமண்ணாவோடு ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’, 1954இல் அந்த நிறுவனம் தந்ததுதான். படம் ஓடவில்லை என்பது வேறு கதை. அடுத்த ஆண்டே ‘குலேபகாவலி’ வெற்றிக்கொடி நாட்டியது.