உங்களுக்குத் தெரியுமா? விக்டோரியா காலத்து மருந்துப் புட்டிகள்

விக்டோரியா ராணி ஆண்ட காலத்தில் (1837–1901) இங்கிலாந்தின் ஏழைக் குடும்பங்களுக்கு டாக்டர் கட்டணம் எட்டாத தொகை. காய்ச்சல், இருமல், வயிற்றுவலி எது வந்தாலும் முதலில் கைக்கு வந்தது கடையில் விற்ற புட்டி மருந்தும் மாத்திரை டப்பாவும்தான். அவற்றுக்குள் என்ன இருந்தது என்பது வாங்கியவருக்கும் தெரியாது, பல நேரம் விற்றவருக்கும் தெரியாது.

● 'பேட்டன்ட் மருந்து' என்று பேர் வாங்கியவற்றில் பெரும்பாலானவை பேட்டன்ட் பெற்றவையே அல்ல. உரிமை கேட்டு விண்ணப்பித்தால் சேர்மானத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதினால் ரகசியம் போய்விடும். அதனால் தயாரிப்பாளர்கள் மருந்தின் பெயரை மட்டும் பத்திரமாகக் காத்துக்கொண்டார்கள்.

● இந்த மருந்துகளின் டப்பா மீது அரசாங்க முத்திரைத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். அது 1783-இல் தொடங்கிய மருந்து வரிக்கான அடையாளம், அவ்வளவுதான். ஆனால் அரசே சோதித்து அனுமதித்த மருந்து என்று மக்கள் நம்பினார்கள். சிறிய டப்பாவின் விலை 1 ஷில்லிங் 1½ பென்னி என்று வினோதமாக அமைந்ததற்கும் இந்த வரியே காரணம்: மருந்துக்கு ஒரு ஷில்லிங், அரசுக்கு ஒன்றரைப் பென்னி.

● 'ஒரு டப்பா ஒரு கினி (ஒரு பவுனுக்குச் சற்று அதிகம்) பெறும்' என்று விளம்பரம் செய்யப்பட்ட பீச்சம் மாத்திரையில் இருந்தவை மூன்றே பொருள்கள்: கரியபோளம் (காய்ந்த கற்றாழைப் பால்), இஞ்சி, சோப்பு. தாமஸ் பீச்சம் 1840-களில் விற்கத் தொடங்கிய பேதி மாத்திரை இது. ஒரு டப்பாவில் 56 மாத்திரைகள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பிற்காலத்தில் பகுத்துப் பார்த்தபோது, 56 மாத்திரைக்கும் சேர்த்துச் சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்த்திங் என்று தெரிந்தது. ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்த்திங். அப்படியானால் 1 ஷில்லிங் 1½ பென்னி என்ற விற்பனை விலை அடக்கத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல்! மலச்சிக்கலுக்கு அது கேட்டிருக்கும், சந்தேகமில்லை. மற்ற வியாதிகளுக்கும் அதையே மருந்து என்று சொன்னதுதான் தவறு.

● பீச்சத்தின் அதே பெயர் கொண்ட பேரன் சர் தாமஸ் பீச்சம் புகழ்பெற்ற இசை நடத்துனர். 1932-இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக், 1946-இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் என இரண்டு இசைக்குழுக்களை நிறுவினார்.

● தாமஸ் ஹாலோவே 1837-இல் ஒரு களிம்போடு தொழிலைத் தொடங்கினார், பிறகு மாத்திரையும் சேர்ந்தது. விளம்பரத்துக்கு அவர் செலவிட்டது 1842-இல் 5,000 பவுன், 1855-இல் 30,000 பவுன். கடனுக்காகச் சிறை சென்ற மனிதர் இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். அந்தப் பணத்தில் பெண்களுக்கென ஒரு பிரம்மாண்டமான கல்லூரி கட்டினார். 1883-இல் அவர் இறந்துவிட, 1886-இல் விக்டோரியா ராணியே வந்து திறந்து வைத்தார். இன்று அது லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே. மாத்திரையைப் பற்றி என்ன சொன்னாலும், பெண்கள் பல்கலைக்கழகப் படிப்புக்குப் போராடிக்கொண்டிருந்த நாளில் அப்படியொரு கல்லூரி எழுந்தது பெரிய காரியம்.

● இனி, இந்தக் கதையின் மிக வேதனையான பகுதி. அழும் குழந்தைக்கு அன்று கொடுத்த மருந்து அபினி. 'காட்ஃப்ரே கார்டியல்' என்பது அபினியையும் வெல்லப்பாகையும் கலந்த திரவம். ஆலை வேலைக்குப் போகும் தாய், கைக்குழந்தையை அக்கம்பக்கத்தில் ஒரு பெண்ணிடம் விட்டுச் செல்வாள். பல குழந்தைகளை ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண், எல்லாவற்றையும் தூங்க வைக்க இந்த மருந்தைப் புகட்டுவாள். சில வீடுகளில் தாயே புகட்டினாள். அபினியின் அளவு கடைக்குக் கடை மாறியது. நேற்று வாங்கிய புட்டியில் ஒரு கரண்டி தூக்கத்தைத் தந்தது, இன்று வாங்கியதில் அதே ஒரு கரண்டி உயிரை எடுத்தது. அளவு மீறாமல் கொடுத்தாலும் ஆபத்துதான். அபினி பசியை அடக்கிவிடும். பால் கேட்டு அழாத குழந்தை மெல்ல மெல்ல வற்றிப்போகும். அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. புட்டியில் அபினி என்று ஒரு சொல் அச்சிட்டிருந்தால் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்!

● அமெரிக்காவில் 1849-இல் விற்பனைக்கு வந்த 'மிஸஸ் வின்ஸ்லோ' சிரப், பல் முளைக்கும் குழந்தைகளுக்கானது. அதில் இருந்தது அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபின். கடல் தாண்டி இங்கிலாந்திலும் அது பரவலாக விற்றது. இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 1878-இல் தம் இசைத்துண்டு ஒன்றுக்கு அதன் பெயரையே வைத்தார்.

● கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலப் பகுதியில் மலேரியாக் காய்ச்சல் நிரந்தரக் குடியாக இருந்தது. அங்கே வீட்டுத் தோட்டத்தில் அபினி தரும் கசகசாச் செடி வளர்த்து, காயை வேகவைத்துக் கஷாயமாகக் குடித்தார்கள்.

● காலராவுக்கு மருந்தாக 'குளோரோடைன்' கலவையை 1848 வாக்கில் உருவாக்கியவர் ஜான் காலிஸ் பிரவுன். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இருந்தவர். அபினிச் சாரம், குளோரோஃபார்ம், கஞ்சாச் சாரம் மூன்றும் அதில் உண்டு. பேதியையும் வலியையும் அது நிறுத்தியது உண்மை. அதற்கு அடிமையாகி அழிந்தவர்கள் இருந்ததும் உண்மை.

● 1858 அக்டோபரில் பிராட்ஃபோர்டு நகரில் பெப்பர்மின்ட் மிட்டாய் தின்ற சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேர் நோயுற்றார்கள். சர்க்கரை விலை அதிகம் என்பதால் மிட்டாயில் ஜிப்சம் போன்ற மலிவான தூளைக் கலப்பது வழக்கம். அதை வாங்க மருந்துக்கடைக்கு ஆள் போனபோது, கடைக்காரர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். உதவியாள் தவறான பீப்பாயிலிருந்து 12 பவுண்டு ஆர்செனிக் பாஷாணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டான். மூவர் மீது வழக்கு நடந்தது, ஒருவரும் தண்டனை பெறவில்லை.

● இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகு 1868-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. விஷப் பொருளை இன்னார்தான் விற்கலாம், விஷம் என்று எழுதி ஒட்ட வேண்டும் என்று விதித்தது. ஆனால் பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்கு! எந்தப் புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு மிகவும் தேவையோ அவற்றையே விட்டுவிட்ட சட்டம் இது. குளோரோடைன் புட்டியில் விஷம் என்ற எச்சரிக்கை ஏறியது 1892-இல் ஒரு வழக்குக்குப் பிறகுதான்.

● டாக்டர்களிடம் போனவர்களும் தப்பிவிடவில்லை. பாதரசம் கலந்த 'நீல மாத்திரை', ஆர்செனிக் கரைந்த 'ஃபௌலர் கரைசல்', அட்டை விட்டு ரத்தம் எடுப்பது எல்லாம் அன்று முறையான வைத்தியமே. ஆகவே கடை மாத்திரை வாங்கியவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

● இசபெல்லா பீட்டன் 1861-இல் வெளியிட்ட குடும்ப நிர்வாக நூல் சமையலுக்காகப் பேர் பெற்றது. வீட்டில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் உண்டு: அபினிப் பொடி, லாடனம் (சாராயத்தில் கரைத்த அபினி), நீல மாத்திரை, பேதியுப்பு, ஆளிவிதை எண்ணெய், சென்னா இலை, கூடவே ரத்தம் எடுக்க ஒரு சிறு கத்தி. நூல் வந்த நான்காம் ஆண்டில், பிரசவத்தைத் தொடர்ந்த காய்ச்சலில் இசபெல்லா இறந்தார். வயது 28.

● அந்தச் சென்னா நம் நிலாவாரைதான். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய இலைக்கு இங்கிலாந்து மருந்துக்கடைகளில் 'டின்னவேலி சென்னா' என்று தனி மதிப்பு இருந்தது.

● மூச்சிரைப்புக்கு விக்டோரியா காலத்தினர் சிகரெட் புகைத்தார்கள். உள்ளே இருந்தது ஊமத்தை இலை. இந்த வழக்கம் போனது சென்னையிலிருந்து. மெட்ராஸ் மருத்துவத் தலைவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இங்கே மக்கள் ஊமத்தையைப் புகைப்பதைக் கண்டறிந்து சொல்ல, 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் அதை பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். ஆனால் அளவு சற்றே மீறினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும்.

● நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் 1851-இல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு ஆதியில் அதில் சாராயமும் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. வயிற்று உப்புசத்துக்கு நாம் கரைத்துக் குடிக்கும் ஈனோவும் விக்டோரியா காலத்ததே: நியூகாசில் துறைமுகத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஈனோ, மாலுமிகளுக்கு விற்றது.

● உண்மையாகவே பலித்த ஒன்று மீன் எண்ணெய். சூரிய வெளிச்சம் புகாத, புகை மூடிய நகரங்களில் குழந்தைகளின் எலும்பு வளைந்தது. காட் மீனின் ஈரல் எண்ணெயைக் குடித்தவர்கள் தேறினார்கள். அதில் வைட்டமின் டி இருப்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது.

● 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 'ரகசிய மருந்துகள்' என்ற நூலை வெளியிட்டு, ஒவ்வொரு புட்டியிலும் இருந்ததை விலையோடு அம்பலப்படுத்தியது. நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்துக் கடுமையான அறிக்கை தந்தது. அது வெளியான நாள் 1914 ஆகஸ்ட் 4. பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிய அதே நாள். அறிக்கையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. மருந்துப் புட்டியின் மேல் சேர்மானத்தை அச்சிட வேண்டும் என்ற சட்டம் 1941-இல் வந்தது. அப்போது விக்டோரியா ராணி இறந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.