பல் கம்பியின் சிறு வளையங்களும் நுண்ணுயிர்களும்

பல் வரிசையைச் சீராக்கும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கிறது. குடும்பச் செலவுகளுக்கு நடுவே மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிப் பிள்ளைகளுக்குக் கம்பி கட்டுவிக்கும் பெற்றோர் பலர். ஆனால் கம்பியைக் கழற்றும் நாளில், நேராகிவிட்ட பற்களின் மீது சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்புள்ளிகள் தென்படுவது உண்டு. இதற்கு முக்கியக் காரணம், கம்பியைச் சுற்றித் தங்கும் நுண்ணுயிர்ப் படலமாகும்.

பல்லில் ஒட்டப்படும் சிறு பிடிப்பானை 'பிராக்கெட்' என்பர். அதன் வழியே செல்லும் கம்பி நழுவாதவாறு இறுக்கிப் பிடிப்பது ஒரு மீள்தன்மையுள்ள வளையம். வண்ண வண்ணமாகக் கிடைக்கும் இவ்வளையம் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. வாயில் இருக்கும்போது இது உமிழ்நீரை உறிஞ்சித் தளர்கிறது, மேற்பரப்பும் சொரசொரப்பாகிறது. ஆகவேதான் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை இதனை மாற்றுகின்றனர்.

1924ஆம் ஆண்டில் கிளார்க் என்னும் ஆய்வாளர் சொத்தைப் பற்களில் கண்டறிந்த 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்னும் பாக்டீரியா, நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகிறது. அமிலகாரக் குறியீடு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் இவ்விழப்பைச் சரிசெய்ய வல்லது. எனினும் வளையத்தைச் சுற்றிப் படலம் தடித்திருந்தால் அதன் பணி தடைப்படுகிறது. இந்நிலை நீடித்தால் 4 வாரங்களுக்குள்ளாகவே வெண்புள்ளி தோன்றக்கூடும்.

1991இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், 12 பேருக்கு ஒரு பக்கம் எஃகு இழையாலும் மறுபக்கம் மீள்வளையத்தாலும் கம்பி கட்டப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோருக்கு வளையம் இருந்த பக்கத்திலேயே நுண்ணுயிர்கள் மிகுந்திருந்தன. எனவே பல் துலக்குவதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு எஃகு இழை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பது நலம்.

ஹைதராபாத்தின் சனத்நகர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில், முறைவேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு மருத்துவரிடம் செல்லும் நாளைத் தள்ளிப்போடுவது எளிதாகத் தோன்றலாம். தளர்ந்த வளையம் பல்லை நகர்த்தும் பணியைத் தாமதப்படுத்துவதோடு, படலம் தங்கும் காலத்தையும் நீட்டிக்கிறது. குறித்த நாளைத் தவறவிடாதிருப்பதே நன்று.

அருகிலுள்ள நல்கொண்டா மாவட்டம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதற்குப் பெயர்பெற்றது. அத்தகைய நீரைச் சிறுவயதில் பருகியோரின் பற்களிலும் வெண்திட்டுகள் காணப்படும். பின்னர்க் குழப்பம் நேராதிருக்க, கம்பி கட்டுவதற்கு முன்பே பற்களைப் புகைப்படம் எடுத்து வைப்பது பயன்தரும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை எளியவையே. ஒவ்வோர் உணவுக்குப் பின்னும், தூரிகையைச் சாய்த்துப் பிராக்கெட்டின் மேலும் கீழும் துலக்குக. கம்பியின் அடியில் பல்லிடைத் தூரிகையைப் பயன்படுத்துக. ஃபுளோரைடு கலந்த பற்பசையே ஏற்றது. ஒட்டும் இனிப்புகளைத் தவிர்க்க. மஞ்சளால் வளையம் நிறம் மாறுவது நோயன்று. ஈறு சிவந்து வீங்கினாலோ குருதி கசிந்தாலோ மருத்துவரை நாடுக.

வளையத்தை மாதந்தோறும் மாற்றிவிடலாம். எனாமல் மீண்டும் வளர்வதில்லை.