படம் யாருக்குச் சொந்தம்?

"இன்ஸ்டாகிராம்காரன் நம்ம போட்டோவையெல்லாம் விக்கப் போறானாம்!" என்ற கூச்சல் 2012 டிசம்பரில் உலகம் முழுக்க எழுந்தது. அந்த வருஷம்தான் ஃபேஸ்புக் அதை வாங்கியிருந்தது. டிசம்பர் 17-ல் புது விதிமுறைகள் வெளியாயின. பலர் கோபப்பட்டுக் கணக்கை மூடினார்கள். நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையே படம் போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது.

ஆனால், படத்தை விற்கப் போகிறோம் என்று அதில் எழுதவில்லை. படம் உங்களுடையதுதான், நாங்கள் சொந்தம் கொண்டாடவில்லை என்றுதான் இருந்தது. அவர்கள் கேட்டது லைசென்ஸ். நாம் ஏற்றும் படத்தை சர்வரில் நகல் எடுத்து, அளவைக் குறைத்து, நண்பனின் போனில் காட்ட அவர்களுக்கு நம் அனுமதி வேண்டும். கிரயப் பத்திரம் வேற, அனுமதி வேற!

அப்போ பயப்பட ஒன்றுமே இல்லையா? இருந்தது. ஒரு கம்பெனி காசு கொடுத்தால் உங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்தோடு காட்டலாம், உங்களுக்குக் காசு கிடையாது என்றது ஒரு வரி. ஸ்டூடியோ ஷோகேஸில் நம்ம கல்யாண போட்டோவை மாட்டி வைப்பார்களே, அது மாதிரி. படம் விலை போகவில்லை, ஆனால் நம்ம முகத்தைக் காட்டி வியாபாரம் நடக்கிறது.

நிறுவனர் கெவின் சிஸ்ட்ரம் மறுநாளே விளக்கம் தந்தார். டிசம்பர் 20-ல் விளம்பரப் பகுதியை மட்டும் 2010-ல் இருந்தபடியே மாற்றினார்கள். வேடிக்கை என்னன்னா, அந்தப் பழைய வாசகமும் நம்ம படத்தோடு சேர்த்து விளம்பரம் போட இடம் தந்ததுதான்! லைசென்ஸை அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்ற புது வார்த்தைகளும் அப்படியே தங்கிவிட்டன. கூச்சல் போட்டவர்களில் பலர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என் படங்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை" என்று காப்பி அடித்துப் போடும் செய்தி 2019-ல் சுற்றியது, பிரபல நடிகர்களே போட்டார்கள். 2024-லும் அதே கதை. கணக்கு தொடங்கும்போதே ஒப்புக்கொண்டதை அப்படி ஒருதலையாக ரத்து செய்ய முடியாது.

எங்க வீட்டில் இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள், படிக்க வந்த முதல் ஆள் நான்தானே. பெரியம்மா மகள் இந்தச் செய்தியைக் காட்டி, "தம்பி, பாப்பா போட்டோவையெல்லாம் அழிச்சிடட்டுமா?" என்று கேட்டது. "விக்க மாட்டாங்கக்கா. நீ அழிச்சா, அவங்க சர்வரில் இருந்து போனதும் லைசென்ஸும் முடிஞ்சிடும். ஆனா வேற யாராவது சேமிச்சு வச்சிருந்தா அது போகாது. முதல்ல கணக்கை பிரைவேட்டா மாத்து" என்றேன். அன்றைக்கே மாற்றிவிட்டது.