450 வாட், தாராளமா போதும் சார்!

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிறவர்கள் பேரம் பேசும் வரிசை அநேகமாக மாறுவதே இல்லை. முதலில் பிராசஸர், அடுத்து கிராபிக்ஸ் கார்டு, ராம், எஸ்.எஸ்.டி. கலர் கலராக விளக்கெரியும் கேபினெட்டுக்கும் தாராளமாகச் செலவழிப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். என்ற பேச்சு வரும்போது பட்ஜெட் தீர்ந்திருக்கும். “கேபினெட்டோடயே வருது சார், 450 வாட். தாராளமா போதும்” என்பார் கடைக்காரர். வாங்குகிறவரும் தலையாட்டிவிடுவார்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். என்ற இந்தத் தகரப் பெட்டிதான். கம்ப்யூட்டருக்குள் இதன் வழியாக மின்சாரம் வாங்காத பாகம் எதுவும் கிடையாது. எனவே மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது சில சமயம் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதில் 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மலிவு ரகங்கள் சிலவற்றில் 16 ஆம்பியர்தான் இருக்கும். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். மிச்சத்தை 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் காட்டி 450 ஆக்கியிருப்பார்கள். ஒரு காலத்தில் பிராசஸர்கள் அந்தச் சிறிய வோல்ட்டேஜ்களை நம்பித்தான் ஓடின. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது, பிராசஸருக்கென்றே தனியாக ஒரு 12 வோல்ட் கனெக்டரும் வந்தது. இன்று பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட்டில்தான் கை வைக்கின்றன. நேர்மையாகச் செய்த 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்றால் 12 வோல்ட்டில் மட்டுமே சுமார் 45 ஆம்பியர், அதாவது 540 வாட் தரும்.

சரி, எத்தனை வாட் வாங்குவது? இன்டெல் கோர் ஐ5-12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ராம், ஃபேன்கள், எஸ்.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் ஒரு 60 வாட் வைத்தாலும் மொத்தம் 300-ஐத் தொடவில்லை. ஆனால் என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் பரிந்துரைக்கிறது. யார் வீட்டில் எந்த மட்டமான பெட்டி இருக்கிறதோ என்ற முன்ஜாக்கிரதையும் அதில் அடக்கம். நல்ல 450 வாட்டே இதற்குப் போதும். 550 வாங்கினால் நாளைக்குக் கார்டை மாற்றவும் இடமிருக்கும். இதற்குப் போய் 850 வாட் வாங்கச் சொல்பவர் உங்கள் நண்பராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 4090 போல 450 வாட் தின்னும் கார்டு என்றால் கதை வேறு. பெரிய கார்டுகள் கண்ணிமைப்பதற்குள் தங்கள் கணக்கைவிட மிக அதிகமான மின்சாரத்தை இழுத்துவிட்டு அடங்கும். சராசரியைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். விளையாட்டின் நடுவே மட்டும் மெஷின் பொசுக்கென்று அணையும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தர விதி, இப்படிப்பட்ட துள்ளலை எஸ்.எம்.பி.எஸ். தன் அளவைப்போல இரண்டு மடங்கு வரை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்கிறது. பெரிய கார்டு வாங்குகிறவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 என்று கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்து, 80 பிளஸ் முத்திரை. பிரான்ஸ், கோல்டு, பிளாட்டினம் என்ற பெயர்களைப் பார்த்து நகைக்கடை போல மயங்க வேண்டாம். 2004-இல் தொடங்கிய இந்தச் சான்று அளப்பது, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான். அதுவும் 23 டிகிரி வெப்பத்தில் சோதிக்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் அந்த 23 டிகிரி ஏசி அறையில் மட்டும்தான் கிடைக்கும். பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ அந்த முத்திரை உத்தரவாதம் கிடையாது. ஜிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் இரண்டுமே கோல்டு முத்திரை பெற்றவைதான். விமர்சகர்களின் சோதனை மேசையில் அவை வெடித்துச் செயலிழந்தன. 2021 ஆகஸ்டில் அந்த நிறுவனம் விளக்கம் கொடுத்து, மிகைச்சுமையில் தானாக அணையும் எல்லையைக் குறைத்ததோடு, குறிப்பிட்ட சீரியல் எண்களை மாற்றித் தரவும் முன்வந்தது.

கரன்ட் பில் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். 300 வாட் வேலைக்கு 85 சதவீதத் திறன் என்றால் சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும். 90 சதவீதம் என்றால் 333. தினம் நான்கு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு மூன்று யூனிட்கூட மிச்சமாகாது. வீட்டுக்கு பிரான்ஸ் போதும் என்பதே என் கட்சி. மிச்சமாகும் பணத்தில் நல்ல கம்பெனியின் ஐந்து வருட வாரன்டியும், 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர்களும் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெபாசிட்டரின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. மேசைக்கடியில் மூடிய அலமாரிக்குள் சிபியூவைத் தள்ளி வைப்பவர்கள் கவனிக்க.

“சிபியூவைத் தொட்டா ஷாக் அடிக்குது, எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு போல” என்று புலம்பாத தெரு தமிழ்நாட்டில் இருக்குமா தெரியவில்லை. பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். மேல் தப்பில்லை. உள்ளே இருக்கும் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உடம்புக்கு இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் போகும். அவற்றில் கசியும் துளி மின்சாரம் எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அதற்குப் போக்கிடமில்லை. கேபினெட்டில் ஏறத்தாழ பாதி வோல்ட்டேஜ் நிற்கும், டெஸ்டரை வைத்தால் லேசாக எரியும். புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டினாலும் அதே கதைதான். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னுக்கு ஒயரே இழுக்காத எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள்.

யூபிஎஸ் விவகாரமும் இப்படித்தான். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் மேலே பார்த்த கம்ப்யூட்டரே அதன் கழுத்தைப் பிடித்துவிடும். மலிவு யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் அலையைத் தருவதில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் சிலவற்றுக்கு இது ஒத்துக்கொள்ளாது. கரன்ட் போன கணமே மெஷினும் போய்விடும். பேட்டரியைக் குறைசொல்லி மாற்றுவது வீண்செலவு. பியூர் சைன் வேவ் யூபிஎஸ்தான் இதற்குத் தீர்வு. வீட்டு இன்வர்ட்டரில் இணைத்திருந்தால், பின்னால் இருக்கும் சுவிட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். கரன்ட் நின்ற பிறகு எஸ்.எம்.பி.எஸ். தன் கையிருப்பில் சமாளிப்பது ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். சாதா மோடில் இன்வர்ட்டர் அதற்குள் விழித்துக்கொள்ளாது.

ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்களை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும். எஸ்.எஸ்.டி.யும் அதிலிருக்கும் கல்யாண ஆல்பமும் ஒரே நொடியில் போய்விடும்.

இனி ரிச்சி தெருவுக்குப் போனால் பேரத்தை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே தொடங்குங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு, அதன் விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல கடைகளில் கழித்துக்கொள்வார்கள்.