'முடியாதுங்க'ன்னு சொல்ல எவ்வளவு செலவாகும்?

சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ பகல் முழுக்க ஆபீஸ். ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "ஒரு சின்ன வேலை இருக்குங்க. நம்ம கம்பெனிக்கு ஒரு வெப்சைட். 25,000 தர்றேன், மூணு வாரத்துல முடிச்சிரலாம்ல?" அனுப்பினவர் தெரிஞ்சவர். கை தானா "சரிங்கண்ணா"ன்னு டைப் பண்ணிடும். அப்புறம் மூணு வாரம் தூக்கம் இல்லை, ஞாயித்துக்கிழமை இல்லை, வீட்ல யார் பேசினாலும் எரிச்சல்.

இதை மனசு சம்பந்தப்பட்ட பிரச்சினைன்னு மட்டும் நினைக்கிறோம். ஒரு ஆடிட்டரா சொல்றேன், இதுல பாதி கணக்குப் பிரச்சினை. கணக்கைப் போட்டுப் பார்த்துட்டா மறுக்கிறது அவ்வளவு கஷ்டமா இருக்காது.

(ஒரு விஷயம் முதல்ல: ஆஃபர் லெட்டரை எடுத்து வெளிவேலைக்கு அனுமதி இருக்கான்னு படிங்க. 2022-ல் விப்ரோ இதே காரணத்துக்காக 300 பேரை வேலையை விட்டு அனுப்பியது.)

கணக்கு 1: மணிக்கு எவ்வளவு?

மாசச் சம்பளம் 60,000, 22 நாள், தினம் 8 மணி நேரம்னா, உங்க ஒரு மணி நேரத்தோட விலை சுமார் 340 ரூபாய்.

இப்ப அந்த வெப்சைட். 40 மணி நேரம்னு நினைச்சுத்தான் ஒத்துக்கிட்டீங்க. போன் பேச்சு, "அந்தக் கலரை மட்டும் மாத்துங்க", பணம் கேட்டு அலையறது எல்லாம் சேர்த்தா 75 மணி நேரம். 25,000-ஐ 75-ஆல் வகுத்தா 333. அதாவது பகல்ல வாங்கற கூலிக்கும் கம்மியா, தூக்கத்தை வித்திருக்கீங்க.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் ஓவர்டைம் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரணும்னு சொல்லிச்சு. அந்தச் சட்டம் உங்க ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் பொருந்தாது. ஆனா அளவுகோல் நல்ல அளவுகோல். மணிக்கு 680, 75 மணி நேரத்துக்கு 51,000. இதுக்குக் கீழே வர்ற வேலை உங்களுக்கு நஷ்டம்.

கணக்கு 2: வாரத்துக்கு எத்தனை மணி?

75 மணி நேரத்தை மூணு வாரத்துல முடிக்கணும்னா வாரம் 25. ஆபீஸ் 45-ஐச் சேர்த்தா 70. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொல்றது இது: வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைக்கிறவங்களை விட, 55 மணி நேரமோ அதுக்கு மேலேயோ உழைக்கிறவங்களுக்குப் பக்கவாத ஆபத்து 35% அதிகம், இதய நோயால் இறக்கிற ஆபத்து 17% அதிகம்.

அதனால வெளிவேலைக்கு வாரம் 8 மணி நேரம்னு ஒரு கோடு போடுங்க. அப்போ இந்த வேலைக்கு மூணு வாரம் பத்தாது, ஒன்பது பத்து வாரம் வேணும்.

கணக்கு 3: 12 லட்சம் வேலி

புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டுக்கு, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளம் 12.75 லட்சம்னா, 75,000 நிலையான கழிவு போக சரியா வேலியில நிக்கிறீங்க. அதுக்கு மேல 60,000 வெளிவருமானம் சேர்ந்தா? மார்ஜினல் ரிலீஃப் இருந்தும் வரி 60,000, அதோட 4% செஸ் 2,400. மொத்தம் 62,400. சம்பாதிச்சதை விட 2,400 கூடவே கட்டறீங்க!

ஐடி, இன்ஜினியரிங், அக்கவுண்டிங் மாதிரி குறிப்பிட்ட தொழில்னா 44ஏடிஏ பிரிவுல வரவில் பாதியை வருமானமாக் காட்டலாம். அப்பவும் 1,20,000 வாங்கினா அதே 62,400 வரி. கைக்கு வர்றது 57,600. இந்த வேலிக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு, சில வேலைகளை வேண்டாம்னு சொல்றதுதான் லாபம்.

சோமனூர்ல என்ன நடந்தது?

நம்ம ஊர்ல கூலி வேலையோட கணக்கு தெரிஞ்சவங்க விசைத்தறிக்காரங்க. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் கொடுப்பார், இவங்க துணியா நெஞ்சு கொடுத்துக் கூலி வாங்குவாங்க. மின்கட்டணம், உதிரிபாகம் எல்லாம் ஏறுச்சு, கூலி ஏறலை. 2025 மார்ச்சுல கோவை, திருப்பூர் மாவட்டங்கள்ல தறியை நிறுத்தினாங்க. ஒரு மாசத்துக்கும் மேல ஓட்டலை. ஏப்ரல்ல பேச்சுவார்த்தை முடிஞ்சப்போ சோமனூர் ரகத்துக்கு 15%, பல்லடம் உள்ளிட்ட மத்த ரகத்துக்கு 10% கூலி உயர்வு.

அவங்களுக்குத் தறி நின்னா வருமானமும் நின்னுச்சு. சேர்ந்து நின்னதாலதான் தாங்க முடிஞ்சது. உங்களுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வருது. 'முடியாது'ன்னு சொல்ற வசதி அவங்களை விட உங்களுக்கு அதிகம்.

அந்த வசதியைக் கெடுக்கிறது ஒண்ணே ஒண்ணு: ஈஎம்ஐ. ஃப்ரீலான்ஸ் பணத்தை நம்பி கார் எடுத்தா, அந்த நிமிஷத்துல இருந்து எந்த வேலையையும் மறுக்க முடியாது. அதனால மாசக் கடன், வாடகை எல்லாம் சம்பளத்துக்குள்ள. வெளிவருமானம் தனி அக்கவுண்ட்ல. வரியை ஒதுக்கிட்டு, மூணு மாசச் செலவு சேர்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க. நல்ல வேலைக்குக் காத்திருக்க அந்தப் பணம்தான் உதவும்.

எப்படிச் சொல்றது?

கொங்குல 'இல்லை'ங்கிறதையே 'இல்லீங்க'ன்னு மரியாதையாத்தான் சொல்றோம். அதையே எழுதுங்க:

"அண்ணா, நம்பிக் கேட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. மூணு வாரத்துல என்னால முடியாதுங்க. பத்து வாரம் ஆகும், 51,000 ஆகும், பாதி முன்பணம், ரெண்டு தடவை திருத்தம். அவசரம்னா வேற ஆளைப் பார்த்துக்குங்கண்ணா, தப்பா நினைக்க மாட்டேன்."

காரணம் அடுக்காதீங்க. உடம்பு சரியில்லைன்னு பொய்யும் சொல்லாதீங்க, அடுத்த வாரமே திரும்பக் கேட்பார். நேரம், விலை, ரெண்டையும் சொன்னா போதும். சிலர் விலகிடுவாங்க. சிலர் 45,000-க்கு வருவாங்க. அப்போ வேலையையும் அதே அளவுக்குக் குறைச்சுக்கிட்டு ஒத்துக்கலாம்.

வேலையைக் குறைச்சும் தூக்கம் வரலை, பதட்டம் குறையலைன்னா அதுக்குக் கால்குலேட்டர் போதாது. அரசோட டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

இந்த வார வீட்டுப்பாடம்: கடைசியா முடிச்ச வெளிவேலையை எடுங்க. வந்த பணத்தை உண்மையா ஆன மணி நேரத்தால வகுங்க. உங்க சம்பளத்தோட மணிக்கூலியைப் பக்கத்துல எழுதுங்க. அடுத்த "ஒரு சின்ன வேலை" வரும்போது அந்த ரெண்டு நம்பரும் கண்ணு முன்னாடி இருக்கட்டும்.